அடித்தண்டுச் சிவப்பு

என் அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று எனக்கு முதலில் சொன்னவர், அவள் களையெடுத்த வயலின் சொந்தக்காரர். போனில்தான் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஒங்கம்மைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நெல்லு எது, புல்லு எதுன்னு தெரியல. கூட்டிட்டுப் போயி என்னன்னு பாருங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? "சரி அண்ணாச்சி, பாக்கேன்" என்றேன். எந்தப் புல், எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். அன்றைக்குத் திருத்திக்கொண்டிருந்த தாளில் நான்காவது கேள்வி, "இயற்கைத் தேர்வை எடுத்துக்காட்டுடன் விளக்குக." ஐந்து மதிப்பெண்.

இருபத்திரண்டு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறேன். நன்றாகவே நடத்துவேன் என்று பெயர். ஏதோ ஒரு சீமையில் ஆலைப் புகை படிந்து மரமெல்லாம் கறுத்துப் போனதாம். வெள்ளை அந்துப்பூச்சி அதில் உட்கார்ந்தால் பறவைக்குப் பளிச்சென்று தெரியுமாம். கொத்தித் தின்றுவிடுமாம். கறுப்புப் பூச்சி தெரியாதாம், தப்பித்து முட்டையிட்டுப் பெருகியதாம். நான் அந்தச் சீமையையும் பார்த்ததில்லை, அந்தப் பூச்சியையும் பார்த்ததில்லை. ஆனாலும் கரும்பலகையில் படம் போட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் போலப் பேசுவேன். பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்கும்.

அம்மா இருந்தது கன்னடியன் கால்வாய்ப் பக்கத்து ஊரில். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா களையெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இதைக் கேட்டதும் சிலபேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். களையெடுப்பில் ஒரு அழகும் கிடையாது. காலை முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்க வேண்டும், விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், சாயங்காலம் நிமிர்ந்தால் இடுப்பு நிமிராது. லீவு நாளில் நானும் போயிருக்கிறேன். அந்த வேலைக்குத் திரும்பிப் போகக் கூடாது என்றே வெறியாகப் படித்தேன்.

அவள் களையெடுத்த வயலில் விளைந்தது விதைநெல். சாப்பாட்டு நெல்லில் கொஞ்சம் புல்விதை கிடந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, அரிசி ஆகும்போது போய்விடும். விதைநெல் அப்படியில்லை. விதைச்சான்று தருகிற அதிகாரி வந்து வயலில் இறங்கிப் பார்ப்பார். புல் அதிகம் தலை நீட்டினால் விதைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் அந்த வயலுக்கு மட்டும் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவள் என் அம்மா. முப்பது வருஷம் அவள்தான்.

பெரிய எதிரி குதிரைவாலிப் புல். கதிர் வருகிற வரைக்கும் அது நெல்லோடு நெல்லாகத்தான் நிற்கும். கதிர் வந்த பிறகு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனால் அதற்குள் பாதி விதை உதிர்ந்து சேற்றில் போயிருக்கும். ஆகவே இளசிலேயே பிடுங்க வேண்டும். அம்மாவிடம் அதற்கு ஒரே ஒரு அடையாளம் இருந்தது. இடது கையால் தூரை விலக்கி அடித்தண்டைப் பார்ப்பாள். நெல்லுக்கு அடி பச்சை. புல்லுக்கு அடி சிவப்பு. சிவப்பு தெரிந்தால் வலது கை போய் வேரோடு எடுத்துவிடும். "அடியப் பாருங்கட்டி, மேல என்னத்தப் பாக்கிய, அடியப் பாருங்க" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டு பேரும் அடியைத்தான் பார்த்தார்கள்.

அதோடு விட்டாளா? களையெடுத்து முடித்து மற்றவர்கள் வரப்பில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, அவள் மட்டும் மறுபடியும் வயலுக்குள் இறங்கி ஒரு சுற்று வருவாள். இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. விட்டுப்போன ஒன்றிரண்டு சிவப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்து வரப்பில் போடுவாள். "எங் கை பட்ட வயல்ல புல்லு நிக்காது" என்பாள். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை அதுதான். நான் டீச்சரானதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சம். கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், முப்பது வருஷம், அந்த வயல் ஒரு தடவைகூடத் தள்ளுபடி ஆனதில்லை.

முதல் அடி ஒரு பிசானத்தில் விழுந்தது. நெல் கதிர் வாங்கிய நேரம், நெல்லுக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குதிரைவாலிக் கதிர் எட்டிப் பார்த்தது. அண்ணாச்சி பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். அம்மா, "நான் பாத்தேன் அண்ணாச்சி, இங்கன ஒண்ணும் நிக்கல" என்றாள். அந்தத் தடவை அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாஸ் போட்டார். அடுத்த காரில் இன்னும் கூடுதல், கெஞ்சித்தான் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒரு கைப்பிடிப் புல்லை அம்மா காலடியில் எறிந்து, "ஏளா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இது என்ன? இது நெல்லா?" என்று கேட்டாராம், அத்தனை பெண்கள் முன்னாலும். அவருக்கு என் வயசுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கிறவளை அதுவரைக்கும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு ஏளா ஆகிவிட்டாள். கூட இருந்த பெண்களும், "அக்காவுக்கு வயசாச்சுல்லா" என்று பைய ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் கையிலும்தான் அந்தப் புல் தப்பியது. ஆனால் பழி முன்னால் நிற்கிறவளுக்கு.

கண்ணைச் சரி பண்ணிவிட்டு வந்தால் முன்னால் நிற்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

வண்ணார்பேட்டையில் என் வீடு மாடியில். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்த அன்றைக்கே பால்கனியில் உட்கார்ந்து கீழே போகிற பஸ்ஸைப் பார்த்து, "ஏட்டி, அந்தா சேரன்மாதேவி பஸ்ஸு போகுது பாரு" என்றாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன், போர்டில் அப்படித்தான் இருந்தது. மறுநாள் என் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, ஒரே குத்தில் நூலைக் கோர்த்துக் கொடுத்தாள். அரிசியில் கல் பொறுக்கினாள், ஒரு கல் தப்பவில்லை. இத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. அறிவியல் டீச்சர் நான். சோதனை, சான்று, முடிவு என்று பிள்ளைகளுக்கு வரிசையாக எழுதிப் போடுகிறவள். வீட்டில் மூன்று சான்று வரிசையாக வந்து நின்றது. நான் அண்ணாச்சி சொன்னதைத்தான் நம்பினேன்.

"எனக்குக் கண்ணு தெரியுதுட்டி. நான் அடியப் பாத்தேன். பச்சையாத்தான் இருந்துது. நெல்லத்தான் விட்டேன்" என்றாள். எத்தனை தடவை சொன்னாள்! "வீம்பு பிடிக்காதம்மா, வயசானா எல்லாருக்கும் வாரதுதான்" என்று நான் வாயை அடைத்தேன்.

கண் டாக்டர் நல்ல மனுஷன். புரை இப்போதுதான் லேசாகத் தொடங்கியிருக்கிறது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அவசரம் வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றார். விட்டேனா நான்? "வயல்ல நெல்லையும் புல்லையும் பிரிக்க முடியலயே சார், வேலை போகுதே" என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவரும் சரி என்றார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, ஆறி, அடுத்த கண்ணும் முடிந்தது. குறையில்லாத கண்ணைக் கீற வைத்துவிட்டு, நான் அதே வாரம் வகுப்பில் அந்துப்பூச்சி படம் போட்டேன். சவம், இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல!

அடுத்த காருக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தார்கள். அம்மா கறுப்புக் கண்ணாடியை என் மேஜையில் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை, முன்னால் நிற்க விட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு தூரையும் விலக்கி, குனிந்து, முகத்தைச் சேற்றுப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாளாம். மற்றவர்கள் வரப்பேறிய பிறகு ஒரு சுற்றுக்கு மூன்று சுற்று வந்தாளாம். சிரித்திருக்கிறார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

கதிர் வந்தபோது வயலில் முன்னைவிடப் புல் கூடுதலாக நின்றது. அதிகாரி வந்தார், பார்த்தார், தள்ளிவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அண்ணாச்சி ஏசக்கூட இல்லையாம். "கண்ணையும் மாத்தியாச்சு. அப்பம் ஒனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு. வீட்டுல கெட" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஏசியிருந்தால் அம்மா பதிலுக்கு ஏசியிருப்பாள், அவள் வாய் அப்படி. கோட்டி, பைத்தியம் என்ற இந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் நாள், "கண்ணுல கொறையில்ல, ஆசுபத்திரில சொல்லிட்டாவ. அப்பம் கொறை மண்டையிலதான்ட்டி" என்றாள். நான் மறுத்துச் சொன்னேனா? "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா, சரியாப் போகும்" என்றேன். அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஆமாம், மண்டையில்தான் என்று அர்த்தம். நானே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் தன் கையையே நம்பவில்லை. குழம்பில் உப்புப் போட்டுவிட்டு, "போட்டேனாட்டி?" என்று கேட்பாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள், எழுந்து போய் மறுபடியும் பார்ப்பாள். அரிசித் தட்டைத் தொடவே மாட்டாள். "நீயே பாத்துக்க, நான் கல்ல அரிசின்னு விட்டுருவேன்" என்பாள். எனக்குச் சில நாள் கோபம்கூட வந்தது. எப்படி இருந்த மனுஷி, இப்படி ஆகிவிட்டாளே என்று அவள் மேல்தான் கோபப்பட்டேன், பாருங்கள்.

அந்த வருஷப் பிசானத்தில் எனக்கு வகுப்புக்குக் காட்ட நெல் செடி தேவைப்பட்டது. தொட்டியில் வைத்து, பூ வருகிறபோது பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவேன். அண்ணாச்சியிடமே கேட்டேன். புதுக் கூட்டம் களையெடுத்து முடித்திருந்த வயல். நானே இறங்கி, அடியைப் பார்த்து, பச்சையாக இருந்த மூன்று தூரைச் சேற்றோடு தோண்டிப் பழைய பெயிண்ட் வாளியில் வைத்து எடுத்துவந்தேன். ஆய்வகத்து ஜன்னலோரம் வைத்து ஒரு அட்டையில் "நெல்" என்று என் கையாலேயே எழுதிச் செருகினேன். கீழே அதன் லத்தீன் பெயரையும் எழுதினேன், பெரிய மேதாவி மாதிரி.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போகிறேன், வாளியில் ஒரு தூரில் கதிர் வெளியே வந்திருக்கிறது. குதிரைவாலிக் கதிர்.

பையைக் கீழே போட்டேன். பிறகு போய் அந்தத் தூரின் அடியை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் நின்ற நெல்லின் அதே பச்சை. நெல் மாதிரியே நேராக, விரியாமல் நின்றது. கடைசியில் ஒரு இலையைத் தண்டிலிருந்து உரித்துப் பார்த்தேன். நெல்லில் இலை தண்டோடு சேருமிடத்தில் வெள்ளையாக மெல்லிய நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும். இதில் அது இல்லை. வேறுபாடு அது ஒன்றுதான் மிச்சம். ஏக்கர் கணக்கான வயலில் ஒவ்வொரு தூரிலும் இலையை உரித்துப் பார்த்துக் களையெடுக்க எந்தப் பெண்ணால் முடியும்? "பச்சையாத்தான் இருந்துது" என்று அவள் சொன்னது காதில் வந்து அறைந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வயலுக்குப் போனேன். அண்ணாச்சி வயலில் ஏழெட்டுப் புல்லைத் தேடிப் பிடுங்கினேன், கதிர் வந்திருந்ததால் தெரிந்தது. ஒன்றில்கூட அடியில் சிவப்பு இல்லை. அடுத்த வரப்பைத் தாண்டினால் வேறொருவர் வயல், சாப்பாட்டு நெல். அங்கே களையெடுப்பு எப்போதும் அரைகுறைதான். அதில் புல் மண்டிக் கிடந்தது. பிடுங்கிப் பார்த்தேன். அநேகமாக எல்லாமே சிவப்பு. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இதற்குமேல் விளக்க வேண்டுமா? இருபத்திரண்டு வருஷமாக விளக்கினேனே, இன்னும் ஒருமுறை விளக்குகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வயலிலும் புல் சிவப்பாகத்தான் இருந்தது. நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ பிறவியிலேயே பச்சையாக இருந்திருக்கும். அம்மாவின் கை சிவப்பைப் பிடுங்கியது. பச்சை தப்பியது. தப்பியது கதிர் விட்டு, அறுப்புக்கு முன்னாலேயே விதையை உதிர்த்தது. அடுத்த பூவில் பச்சை கொஞ்சம் கூடுதல். மறுபடியும் சிவப்பைப் பிடுங்கினாள், மறுபடியும் பச்சை தப்பியது. அந்தப் புல்லுக்கு மூளை கிடையாது, அது அவளை ஏமாற்றத் திட்டம் போடவில்லை, எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செத்தது, தெரியாதது பிள்ளை பெற்றது, அவ்வளவுதான். பறவைக்குப் பதிலாக என் அம்மாவின் கை. அந்தப் பாழாய்ப்போன பூச்சியைத் தேடி நான் சீமைக்குப் போனேன்.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது. அவள் மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், அந்த மறுசுற்று வராமல் வரப்பில் உட்கார்ந்து எல்லாரோடும் காப்பி குடித்திருந்தால், இன்றைக்கும் அங்கே சிவப்புப் புல் நின்றிருக்கும். இன்றைக்கும் அவள் அதைப் பார்த்துப் பிடுங்கி நல்ல பெயர் வாங்கியிருப்பாள். ஒன்று விடாமல் பிடுங்கினாள் பாருங்கள், அதற்குத்தான் கோட்டிப் பட்டம்.

அண்ணாச்சியிடம் போனேன். அடித்தண்டைக் காட்டினேன், பக்கத்து வயல் புல்லையும் காட்டினேன். "டீச்சர், புல்லு எங்கனயாவது மாறுமா? ஒங்கம்மைக்காகப் பேசுதிய, எனக்குப் புரியுது" என்றார். அடுத்த பூவிலிருந்து களைக்கொல்லி அடிக்கப் போவதாகவும், களையெடுக்க ஆளே வேண்டாம் என்றும் சொன்னார். அந்த மருந்துக்கும் சாகாத ஒன்று எங்காவது நிற்கும், அது பெருகும் என்றேன். "பாப்போம், பாப்போம்" என்று சிரித்தார். சிரிக்கட்டும். என் சண்டை அவரோடு இல்லை.

வாளியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் மீதி இரண்டு தூரிலும் கதிர் வந்திருந்தது, அவை நல்ல நெல். பால்கனியில் அம்மா முன்னால் வாளியை இறக்கினேன். இலையை உரித்துக் காட்டினேன். அடியைக் காட்டினேன். பக்கத்து வயலில் பிடுங்கிய சிவப்புப் புல்லையும் கையில் கொடுத்தேன். சிவப்பு எப்படிப் போயிற்று, பச்சை எப்படிப் பெருகியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் அந்தப் பாடத்தை அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை. கடைசியில், "ஒங்கண்ணும் நல்லாத்தான் இருந்துது, மண்டையும் நல்லாத்தான் இருக்கும்மா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் நம்பல. என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். "எனக்காண்டி எவ்வளவு பாடுபட்டு ஒரு கதை கட்டிட்டு வந்திருக்கட்டி நீ" என்றாள்.

"கதை இல்லம்மா, சத்தியமா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள், சின்னப் பிள்ளைக்கு ஆட்டுகிற மாதிரி. பிறகு வாளியைப் பார்த்தாள். மூன்று தூரும் கதிரோடு நின்றன. தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் எது நெல், எது புல் என்று சொல்லிவிடுவார்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கையை நீட்டப்போய், பாதியிலேயே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல நெல்லு எதுட்டி?" என்று என்னிடம் கேட்டாள்.

தொட்டுக் காட்டினேன்.